பதிவில்லாத விருந்தாளி

உங்களில் யாராவது அன்று மாலை யாங்கூன் வானத்தை அண்ணாந்து பார்த்திருந்தால் என் சந்தேகம் ஒன்றைத் தீர்த்துவைக்க வேண்டும். அதில் துண்டுகள் எத்தனை? நான் ஏழு எண்ணினேன். எங்கள் சந்தில் ஐந்து என்றார்கள், ஒன்பது என்றார்கள். துண்டே இல்லை, ஒரே நெருப்புதான் என்று ஒருவர் சத்தியம் செய்தார். அவரை நான் அப்போதே நம்பவில்லை. இப்போதும் நம்பவில்லை.

பள்ளிக்கூடங்களைப் பூட்டி வைத்திருந்தார்களே, அந்த நேரம். எண்பத்தெட்டு மாணவர் போராட்டத்தில் பூட்டியது, எண்பத்தொன்பது வெயில்காலம் வந்தும் திறக்கவில்லை. முதலில் நமக்கு அது விடுமுறையாக இருந்தது. அப்புறம் அது என்னவென்று யாருக்கும் தெரியவில்லை. பெரியவர்கள் தெருவில் நின்று பேசுவதை நிறுத்திவிட்டார்கள். ஐந்து பேர் ஓரிடத்தில் கூடக் கூடாது என்று ராணுவத்தார் ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டுப் போனார்கள். தாமுவேயில் எங்கள் பலகை வீட்டில் சாப்பிட உட்கார்ந்தாலே ஐந்து பேர்: அப்பா, அம்மா, சித்தப்பா, சித்தி, நான். நான் தட்டை எடுத்துக்கொண்டு வாசற்படிக்குப் போய்விடுவேன். அப்படிச் செய்தால் உள்ளே நாலு பேர்தான் என்று எனக்கு ஒரு கணக்கு.

அப்பா ஓர் அலுவலகத்தில் எழுத்தர். பள்ளி இல்லாமல் நான் ஆங்கிலத்தை மறந்துவிடுவேன் என்று பயந்து நடைபாதைக் கடையில் அட்டை கிழிந்த ஒரு புத்தகம் வாங்கிவந்தார். விண்வெளியைப் பற்றியது. அவர் அதைத் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டார். பார்த்திருந்தால் பன்னிரண்டு வயதுப் பையனிடம் கொடுத்திருக்க மாட்டார். அதில் இருந்தவை எல்லாம் நம்மைக் கொல்லக்கூடியவை. நான் அவற்றை விரல்விட்டு வரிசைப்படுத்தினேன். கட்டைவிரல் கருந்துளைக்கு. செத்துப்போன நட்சத்திரம் தனக்குள் இடிந்து விழுந்து, பக்கத்தில் வரும் எதையும், வெளிச்சத்தையும்கூட, விழுங்கிவிடும். அடுத்தது வழிதவறித் திரியும் பாறை. அடுத்தது நம் சூரியனேதான். ஒருநாள் ஊதிப் பெருத்துப் பூமியை வாயில் போட்டுக்கொள்ளும். மோதிர விரலில், செத்த பிறகும் வெறிபிடித்தாற்போல் சுழன்று கதிர் வீசும் நட்சத்திரம். சுண்டுவிரலில் வால்நட்சத்திரம். அது ஒன்றுதான் வருவதை முன்கூட்டியே காட்டிவிட்டு வருகிறது.

ஒருநாள் சாப்பாட்டின்போது கருந்துளையைப் பற்றிச் சொன்னேன்.

சித்தப்பா, அலோன் என்ற பேட்டையின் துறைமுகத்தில் மூட்டை தூக்குபவர். சிரிக்காமல் ஒரு வாய் சோறு சாப்பிட மாட்டார். "உள்ள போனது எதுவும் திரும்பி வராதா? அப்ப நம்ம வார்டு ஆபீஸ்னு சொல்லு."

"மெதுவாப் பேசுடா," என்றார் அப்பா. எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினார்.

பக்கத்து வீட்டு பர்மிய அம்மாளை நாங்கள் அடோ என்று கூப்பிடுவோம், நம் ஊரில் அத்தை என்பதுபோல. அவர் மகன் கல்லூரி மாணவன். முந்தின ஆண்டு செப்டம்பரில் வீட்டைவிட்டுப் போனவன் வரவில்லை. தாய்லாந்து எல்லைக்குப் போராளிகளோடு போய்விட்டான் என்றார்கள். பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்றும் சொன்னார்கள். அப்பா ஜன்னலைச் சாத்தியது எதற்கென்று இப்போது புரிகிறது. அன்று அவர் காற்றுக்குப் பயப்படுகிறார் என்று நினைத்தேன்.

அன்று மாலை தொட்டியடியில் குளித்துக்கொண்டிருந்தேன். சூரியன் இறங்கி வானம் இன்னும் மஞ்சளாக இருந்தது. அடோ பக்கத்தில், முகத்தில் பூசும் தனாக்காக் கட்டையை உரைத்துக்கொண்டிருந்தார். அந்த ஈரச் சந்தன வாசனை இன்றும் எனக்கு அந்த நெருப்பின் வாசனை. மேற்கிலிருந்து அது வந்தது. சத்தமில்லை. எரிநட்சத்திரம் மாதிரி விருட்டென்று போகாமல், அவசரமில்லாத ஆள் நடப்பதுபோல வானத்தின் குறுக்கே போனது. போகப்போக உடைந்தது. நான் எண்ணினேன்.

"எத்தனை?" என்று அடோ பர்மியத்தில் கேட்டார். எங்கள் சந்தில் எண் என்றால் என்னைத்தான் கேட்பார்கள்.

"ஏழு."

"கிழக்குப் பக்கமாத்தானே போச்சு? எல்லை அந்தப் பக்கம்தானே?"

ஆமாம் என்றேன். கட்டையைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

ஒரு வாரம் கழித்துச் சித்தப்பா தோளில் சாக்குப் பையோடு வந்தார். கழிமுகப் பக்கத்திலிருந்து வந்த நெல் படகில் கிடந்ததாம். வயலில் விழுந்தது, தேவதை இட்ட முட்டை, இதை வைத்திருந்தால் படகு கவிழும் என்று படகுக்காரர்கள் பயந்து இவர் தலையில் கட்டிவிட்டார்கள். சாக்கை அவிழ்த்ததும் அது தரையில் ஒரு சுற்று உருண்டு சித்தியின் காலடியில் போய் நின்றது.

பெரிய பூசணிக்காய் அளவு உலோக உருண்டை. சாம்பல் நிறம். ஒரு பக்கம் எரிந்த தடம் நீலமும் ஊதாவுமாக, எண்ணெய் சிந்திய சாலையில் மழை விழுந்தால் தெரியுமே, அந்த நிறம். நடுவில் அரைஞாண் கட்டியதுபோல ஓர் ஒட்டுத் தடம். ஒரு முனையில் அடைத்த குமிழ், அதைச் சுற்றிப் பன்னிரண்டு துளைகள். ஓர் எழுத்து இல்லை. எந்த நாட்டு எழுத்தும் இல்லை.

வீட்டில் ஆளுக்கொரு சந்தேகம். அம்மா என்னைக் கொல்லைப்புறம் இழுத்துப்போய், "கப்பல்ல இருந்து தூக்கிட்டு வந்திருப்பான் உங்க சித்தப்பன். வாயைத் திறக்காதே" என்றாள். அப்பா அதை வெடிகுண்டு என்று நினைத்தார். வெடிகுண்டு இல்லையென்றாலும் வெடிகுண்டு என்று நினைக்க ஆட்கள் இருக்கிறார்கள் என்பதால் இரண்டும் ஒன்றுதான் என்றார்.

"ஒரு ராத்திரி தங்குற விருந்தாளிக்கே வார்டு ஆபீஸ்ல எழுதிக் குடுக்கணும். எழுதலன்னா அபராதம், ஜெயில். இதுக்கு என்ன பேர் போட்டு எழுதிக் குடுக்கிறது? அப்பன் பேரு என்ன? ஊரு எது?"

"எழுதிக் குடுங்கண்ணே. பேரு உருண்டை. ஊரு மேலோகம். வந்த காரணம், மதினி சமையல்."

"இவன் சிரிச்சே நம்மை உள்ள தள்ளுவான்," என்றார் அப்பா.

என் சந்தேகம் வேறு. புத்தகத்தின் கடைசி அத்தியாயம் விழுந்த செயற்கைக்கோள்களைப் பற்றியது. அணு அடுப்பு வைத்த ஒன்று பனி மூடிய நாட்டில் விழுந்ததாம். கையில் கருவியோடு ஆட்கள் பனிக்குள் துண்டு துண்டாகத் தேடினார்களாம். தொட்டவர்களுக்கு என்ன ஆனது என்று சொல்லப்போகும் இடத்தில் தாள் கிழிந்திருந்தது. அந்தப் பாதி வரி என் பயங்களின் வரிசையையே கலைத்துவிட்டது. கருந்துளை சுண்டுவிரலுக்கு இறங்கியது. கட்டைவிரலில் உருண்டை ஏறிக்கொண்டது. கருந்துளை எங்கோ இருந்தது. இது எங்கள் வீட்டில், சித்தியின் பாய்க்குப் பக்கத்தில் இருந்தது.

சித்திக்கு அப்போது ஏழு மாதம். முன்பு இரண்டு தங்கவில்லை. அதை யாரும் வெளியே சொல்ல மாட்டார்கள். ஆனால் அவள் எழுந்தால் அம்மா கை கொடுப்பாள், அவள் இருமினால் சித்தப்பா சிரிப்பை நிறுத்துவார். திஞ்ஜான் தண்ணீர்த் திருவிழாவுக்கு முந்தைய வெயில். மின்விசிறி சுற்றிய நேரத்தைவிடச் சுற்றாத நேரம் அதிகம். சித்திக்குக் கழுத்திலும் முதுகிலும் கொப்புளம் கொப்புளமாக வேர்க்குரு. முதல்நாள் தற்செயலாக அந்த உருண்டையில் சாய்ந்திருக்கிறாள். மறுநாள் அதன்மேல் ஈரத்துணி போர்த்தினாள். மூன்றாம் நாள் பார்க்கிறேன், பாயில் ஒருக்களித்துப் படுத்து அதை வயிற்றோடு அணைத்துக்கொண்டு தூங்குகிறாள்.

"சித்தி, அதைக் கட்டிக்காதீங்க."

"ஏன்டா, உனக்குப் பொறாமையா?"

"அது வானத்துலேருந்து விழுந்தது. உள்ள அணு அடுப்பு இருக்கலாம்."

"அடுப்பா? தொட்டுப் பாரு, எப்படி ஜில்லுன்னு இருக்கு. இப்படி ஒரு அடுப்பு இருந்தா நானே தினமும் சமைப்பேனே." என் கையைப் பிடித்து அதன்மேல் வைத்தாள். நான் உதறிக்கொண்டு ஓடிப்போய் வாசனைச் சோப்பால் ஏழு தடவை கை கழுவினேன். கழுவியதற்கு அம்மாவிடம் அடி வாங்கினேன். சோப்பு அப்போது அரிது.

சித்தப்பா அதைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடுவதாகச் சொன்னார். நானும் போனேன். தாமுவே மார்க்கெட்டுக்குப் பின்னால் கடை. கடைக்காரர் நம்மவர்தான். காந்தத்தை வைத்துப் பார்த்தார், ஒட்டவில்லை. சுத்தியலால் ஓங்கி அடித்தார். சுத்தியல் எகிறியது. உருண்டையில் நகக்குறி அளவு பள்ளம்கூட இல்லை. அது எழுப்பிய சத்தம் மட்டும் என் பல்லுக்குள் நின்றது.

"இரும்பு இல்ல. அலுமினியமும் இல்ல, இருந்தா நசுங்கும். பித்தளை நிறம் இல்ல. தம்பி, நான் முப்பது வருஷமா சாமான் வாங்குறேன். என்னன்னு தெரியாத சாமானைக் கடையில வெச்சா, அது என்னன்னு தெரிஞ்ச ஆளு தேடிக்கிட்டு வருவான். எடுத்துக்கிட்டுப் போயிடு. நீ வரவும் இல்ல, நான் பார்க்கவும் இல்ல."

உருண்டை திரும்பி வந்தது. சித்திக்கு அன்று இருந்த சந்தோஷம்!

அடுத்த வாரம் அந்தக் கடையில் போலீஸார் சோதனை போட்டார்கள். திருட்டு மின்கம்பி விஷயமாக வந்திருக்கிறார்கள். அது எங்களுக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரியும். அன்று அப்பா மத்தியானமே அலுவலகத்திலிருந்து வந்துவிட்டார். முகத்தில் ரத்தமில்லை. "அவன் சொல்லியிருப்பான். சொல்லாம இருப்பானா?" என்று அம்மாவிடம் திரும்பத் திரும்பக் கேட்டார். வாசலில் ஐஸ் விற்றவனைச் சந்தேகப்பட்டார். எதிர்த் தேநீர்க்கடையில் குட்டை முக்காலியில் உட்கார்ந்திருந்தவன் ஒரு கோப்பையை எவ்வளவு நேரம் குடிக்கிறான் என்று என்னைப் பார்க்கச் சொன்னார். ஒரு கட்டத்தில் தம்பியையே சந்தேகப்பட்டார்; நெல் படகுக்காரன் எதற்கு இவனுக்கு மட்டும் கொடுத்தான் என்றார்.

மறுநாள் காலை சித்தப்பா வேலைக்குப் போனதும், அம்மா சித்தியை ஆஸ்பத்திரிக்குக் காட்ட அழைத்துப்போனாள். அப்பா உருண்டையையும் இரண்டு செங்கல்லையும் ஒரு பழைய சாக்கில் போட்டு வாயைத் தைத்தார். "நீயும் வா. பையன் கூட இருந்தா சந்தேகம் வராது."

ஆற்றுக்கு அக்கரை, டாலாவுக்குப் போகும் படகு உங்களுக்குத் தெரியும். சுருட்டுப் புகை, அவித்த காடை முட்டை, வெற்றிலைச் சாறு, கோழிக் கூடை. அப்பா சட்டையைக் கழுத்துவரை பொத்தான் போட்டு, வேலைக்குப் போகும் குடையோடு, கம்பி ஓரமாக நின்றார். நான் சாக்கிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்க முடியுமோ அவ்வளவு தள்ளி நின்றேன். கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவர் படகுத்துறையிலிருந்தே எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். கையில் பையில்லை, கூடையில்லை. அப்பாவும் பார்த்துவிட்டார்.

நடு ஆற்றில் அப்பா குடையைத் தவறவிடுவதுபோல் குனிந்து, சாக்கைத் தள்ளிவிட்டார். பழுப்புத் தண்ணீர் அதை விழுங்கியது. நான் மூச்சு விட்டேன். அப்பாவும் விட்டார். அவர் தோள் இறங்கியதைப் பார்த்தேன்.

ஆனால் அது பழைய சாக்கு. செங்கல் அதைக் கிழித்துக்கொண்டு தன் வழியே போய்விட்டது போலிருக்கிறது. உருண்டை மேலே வந்தது. மெதுவாக வரவில்லை. முழங்கால் உயரத்துக்குத் துள்ளி, வெயிலில் பளீரென்று ஒரு சுற்று சுற்றி, படகின் பக்கத்திலேயே மிதந்து வந்தது. காடை முட்டைக்காரி கத்தினாள். படகே அந்தப் பக்கம் சாய்ந்தது. அப்பா மட்டும் எதிர்ப்பக்கம் திரும்பி வானத்தைப் பார்த்தார்.

சம்பான் என்கிற சிறு படகுக்காரர் ஒருவர் துடுப்புப் போட்டு வந்து அதை அள்ளினார். நாங்கள் இறங்குவதற்கு முன்பே டாலா கரைக்கு வந்து நின்றார். வாயெல்லாம் பல். அப்பாவை ஸயா, அதாவது ஐயா, என்று கூப்பிட்டார். "ஸயா! குடைக்கார ஸயா! உங்க சாமான் விழுந்துடுச்சு!"

"என்னுது இல்லை," என்றார் அப்பா.

"உங்களுதுதான். நான் பார்த்தேனே," என்று பின்னாலிருந்து குரல் வந்தது. கறுப்புக் கண்ணாடி.

அப்பா என் தோளைப் பிடித்தார். அடோவின் மகன் எங்கே போனானோ அங்கே அப்பாவும் போகப்போகிறார் என்று நினைத்தேன். வார்டு ஆபீஸ், கருந்துளை, எல்லாம் ஒன்றாகச் சுழன்றது.

கண்ணாடிக்காரர் உருண்டையை விரலால் தட்டினார். துளைகளைத் தடவினார். "வேண்டாம்னா எனக்குக் குடுங்களேன் ஸயா. வலைக்கு மிதவையா கட்டுவேன். கயிறு கோக்க ஓட்டைகூட இருக்கு."

"ஊலே, தொடாதீங்க," என்றேன் பர்மியத்தில். மாமா என்று கூப்பிடுவதற்கு எனக்கு அப்போது எங்கிருந்து தைரியம் வந்ததோ. "அது வானத்துலேருந்து விழுந்தது."

"மழையும் அங்கேருந்துதான் தம்பி விழுது," என்று சிரித்துவிட்டு அதைத் தோளில் வைத்துக்கொண்டு சைக்கிள் ரிக்‌ஷாக்களைத் தாண்டிப் போய்விட்டார்.

திரும்பும் படகில் அப்பா ஒரே ஒரு தடவை பேசினார். "நல்ல மனுஷன். மீன்காரன். நாமதான் என்னமோ நினைச்சுட்டோம்." அப்பா அதை நம்ப விரும்பினார். நான் நம்பவில்லை. வலை போடுகிறவர் கால் நகத்தில் சேறு ஏறியிருக்கும். அவர் ரப்பர் செருப்பில் தெரிந்த பத்து நகங்களும் சுத்தமாக இருந்தன. நான் எண்ணினேன். எங்கள் வீட்டுக்கு யாரும் வரவில்லை, விசாரிக்கவில்லை என்பது உண்மைதான். வராததை வைத்து எதையும் முடிவுசெய்ய முடியாது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த சித்தி பாயைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். பாய்க்குப் பக்கத்தில் ஈரத்துணி மட்டும் கிடந்தது.

"அது யாரை என்ன செஞ்சுது அத்தான்?"

அப்பா குடையை ஆணியில் மாட்டப்போனார். இரண்டு தடவை தவறி விழுந்தது.

"நான் தூங்குனேன். அவ்வளவுதான். எத்தனை மாசத்துக்கு அப்புறம் தூங்குனேன்னு உங்களுக்குத் தெரியுமா?"

அதன்பிறகு குழந்தை பிறக்கும்வரை அவள் அப்பாவிடம் பேசவில்லை. சித்தப்பாவும் அண்ணன் முன்னால் சிரிப்பதை நிறுத்திவிட்டார். ஐந்து பேர் கூடக் கூடாது என்ற சட்டம் எங்கள் வீட்டில் அந்த இரண்டு மாதம்தான் ஒழுங்காக நடந்தது. ஆளுக்கொரு மூலையில் சாப்பிட்டோம். நான் மட்டும் சித்தியின் வயிற்றைப் பார்த்துக்கொண்டேயிருந்தேன். உருண்டை போய்விட்டது. ஆனால் அது அங்கே பத்து நாளுக்கு மேல் இருந்திருக்கிறது. புத்தகத்தின் கிழிந்த தாள் என்ன சொல்லியிருக்கும்?

முதல் மழை கொட்டிய நாளில் பெண் குழந்தை பிறந்தது. எல்லோரும் யார் சாயல் என்று பார்த்தார்கள். நான் துணியை விலக்கி விரல்களை எண்ணினேன். கையில் பத்து, காலில் பத்து. காது இரண்டு. மறுபடி எண்ணினேன். சித்தி சிரித்துவிட்டு, "சரியா இருக்கா கணக்கு?" என்றாள். அப்பா வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றிருந்தார். "அத்தான், உள்ள வாங்க" என்றாள். அன்று மாலையே அப்பா, சட்டையைக் கழுத்துவரை பொத்தான் போட்டு, கொட்டுகிற மழையில் வார்டு ஆபீசுக்கு நடந்து போய்க் குடும்பப் பட்டியலில் குழந்தையின் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். அவ்வளவு உற்சாகமாக அவர் அந்த ஆபீசுக்குப் போய் நான் பார்த்ததில்லை. பெயர் இருந்தது, அப்பன் பெயர் இருந்தது, ஊர் இருந்தது.

அடோவின் மகன் வரவில்லை. ஏழு துண்டு கிழக்கே போனதை அவர் என்னிடம் அப்புறம் கேட்கவே இல்லை.

வெகுகாலம் கழித்து, இந்த மாதிரி உருண்டைகளைப் பற்றிப் படித்தேன். ராக்கெட்டின் வயிற்றுக்குள் இருக்கும் கலங்களாம். கூடு எரிந்தாலும் இவை எரியாமல் வந்து விழுமாம். சிலவற்றில் ஒன்றுக்கும் ஆகாத, ஒன்றும் செய்யாத வாயு. சிலவற்றில் ஒரு சொட்டு பட்டாலே போதும் என்கிற விஷ எரிபொருள். எங்கள் வீட்டுக்கு வந்தது எந்த வகை? பன்னிரண்டு துளை உள்ளது எது என்று தேடினேன். யாரும் சொல்லவில்லை.

இப்போது அப்பா இல்லை, சித்தப்பா இல்லை. எனக்கு ஐம்பது நெருங்குகிறது; எண்பது வயதுக் கிழவன் மாதிரிப் புலம்புகிறேன் என்று வீட்டில் சொல்கிறார்கள். அந்தக் குழந்தை, என் தங்கை, முப்பத்தைந்தைத் தாண்டிவிட்டாள். தமிழ் புரிந்துகொள்வாள், பதில் பர்மியத்தில் வரும். அவள் ஒருநாள்கூடக் காய்ச்சலில் படுத்ததில்லை. டெங்கு வந்து எங்கள் சந்தே படுத்தபோது அவள்தான் எல்லோருக்கும் கஞ்சி கொடுத்தாள். பல்வலி இல்லை, தலைவலி இல்லை. நல்லதுதானே என்பீர்கள். ஒரு மனுஷிக்கு ஒன்றுமே வராமல் இருப்பது எப்படி? இதைச் சித்தியிடம் கேட்டேன். "உன் சீக்குக்கும் சேர்த்துத்தான் கடவுள் அவளைத் தெம்பாப் படைச்சிருக்கார் போ," என்றாள்.

போன வெயில்காலத்தில் எனக்குக் காய்ச்சல். மின்சாரம் இல்லை. பாயில் கிடந்தேன். அவள் வந்து உட்கார்ந்து என் நெற்றியில் கை வைத்தாள். வெளியே தார் உருகும் வெயிலில் நடந்து வந்த கை. ஜில்லென்று இருந்தது.

திடுக்கிட்டேன். விரல்களை எண்ணத் தொடங்கினேன். பிறகு எண்ணுவதை விட்டுவிட்டேன். "கையை எடுக்கவா கோ?" என்று கேட்டாள், அண்ணன் என்று கூப்பிடும் பர்மியச் சொல்லில்.

"கொஞ்ச நேரம் இருக்கட்டும்," என்றேன்.